மாதா வந்த வீட்டில் வெறும் தண்ணீர்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த இடத்துக்குத் தோட்டம் என்று பெயர். தோட்டம் என்றதும் மரம், செடி, பூ என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே சுவரை இரண்டு பக்கமும் பங்குபோட்டுக்கொண்ட வரிசை வீடுகள், நடுவில் ஒரு பொதுக்குழாய், கடைசியில் ஒரு கால்வாய். கொழும்பில் அதற்குத்தான் தோட்டம் என்பார்கள். எங்கள் தோட்டத்தில் பச்சையாக இருந்தது என் வீட்டுக் கதவு ஒன்றுதான், அதுவும் பெயின்ட்.

நான் அப்போது மருதானையில் ஒரு துணிக்கடையில் கெஷியர். ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டவள். படிப்பை விட்டாலும் கதையை விடவில்லை. அந்த வாயை நம்பித்தான் எங்கள் பங்கு இளைஞர் ஒன்றியத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் கூடினோம். வருடம் முழுவதற்கும் திட்டம் போட வேண்டும். எங்கள் சுவாமி, பங்குப் பாதிரியார், முதலிலேயே ஒரு நிபந்தனை வைத்துவிட்டார். "ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு செபம், ஒரு சேவை. செபத்துக்கு ஒரு கோஷ்டி, சேவைக்கு இன்னொரு கோஷ்டி எண்டு பிரிஞ்சு நிண்டீங்களெண்டா, மண்டபத்தைப் பூட்டி சாவியை நான் வச்சிருப்பன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் செய்யக்கூடிய மனுசன்.

தவக்காலத்துக்குச் சிலுவைப்பாதையும் நோயாளிகளைப் பார்க்கப் போவதும். மே மாதம் எல்லோரும் சேர்ந்து கால்வாயைத் துப்புரவாக்கும் சிரமதானம், அன்றைக்கு மாலை கால்வாய்க் கரையிலேயே செபம். இப்படி ஒவ்வொரு மாதமாகத் தீர்த்துக்கொண்டு வந்தோம். ஒக்டோபருக்கு வந்ததும் எல்லோரும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்கள். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒக்டோபர் என்றால் மாதா வீடு வீடாக வருவா.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செபமாலை மாதம் முழுவதும், ஒவ்வொரு மாலையும் மாதாவின் சுரூபத்தை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பாட்டோடு தூக்கிக்கொண்டு போவோம். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து செபமாலை சொல்வோம். எங்கள் தோட்டத்தில் சிங்களக் குடும்பங்களும் இருந்ததால், ஒரு பத்துச் செபம் தமிழில், அடுத்த பத்து சிங்களத்தில். மாதா அந்த இரவு அந்த வீட்டில் தங்குவா. எல்லாம் நல்லது. ஆனால் செபம் முடிந்ததும் வீட்டுக்காரர் கொடுக்கும் சிற்றுண்டி இருக்கிறதே, அது வருடா வருடம் வளர்ந்துகொண்டே போனது. ஒரு காலத்தில் பிளேன்டீயும் பிஸ்கட்டும். பிறகு கடலை. பிறகு கேக், ரோல்ஸ். முந்தின வருடம் ஒரு வீட்டில் ஃப்ரைட் ரைஸ் போட்டுவிட்டார்கள். அதற்கு அடுத்த வீட்டுக்காரர் அன்றிரவு தூங்கியிருக்கவே மாட்டார்.

இந்தப் போட்டிக்கு ராணி எங்கள் முதல் வீட்டு ஆன்டி. மாவுக்குள் கறி வைத்து அவர் பொரிக்கும் பற்றிஸ் அவ்வளவு பேர் போனது. முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் அவரைப் பற்றிஸ் ஆன்டி என்றே சொல்வார்கள். நல்ல மனம், பெரிய குரல். மாதா எப்போதும் அவர் வீட்டிலிருந்துதான் புறப்படுவா.

திட்டம் போட்ட அடுத்த கிழமை நானும் எங்கள் தலைவரும் ஒவ்வொரு வீடாகப் போய், இந்த வருடம் எங்களால் என்ன உதவி வேண்டும் என்று கேட்டோம். தலைவர் துறைமுகத்தில் வேலை செய்கிற பொடியன். எதைக் கேட்டாலும் "அதுக்கென்ன, செய்வம்" என்பான். கால்வாய்க் கரையில் இருக்கும் கடைசி வீட்டுக்கும் போனோம். அங்கே ஒரு அக்கா, கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர். அவருடைய கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பாரிசவாதம் வந்து சில வருடங்களாகப் படுக்கையில். ஒரே அறை. நடுவில் ஒரு சீலையைத் திரையாகக் கட்டி, அதன் பின்னால் அவருடைய கட்டில்.

அந்த வீட்டுக்கு மாதா வருவதில்லை. வருடா வருடம் அந்த அக்கா ஏதாவது சாட்டுச் சொல்லிவிடுவார். அவருக்கு விசுவாசம் விட்டுப்போய்விட்டது என்று தோட்டத்தில் ஒரு கதை. வேறு சபைக்குப் போகிறார் என்று இன்னொரு கதை. நான் வழக்கம்போல ஒக்டோபரைப் பற்றிக் கேட்டதும் அவர் குரலைத் தாழ்த்தி, "எங்கட வீட்டை விடுங்கோ மகள்" என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து குழறிய குரலில் ஒரு கேள்வி வந்தது. "மாதா... எப்ப வாறா?"

"அடுத்த வருசம்" என்று அக்கா திரும்பாமலே பதில் சொன்னார். எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய பதில் என்று அதைக் கேட்டதுமே விளங்கிவிட்டது.

வெளியே வந்து குழாயடியில்தான் அக்கா வாய் திறந்தார். கணவருக்கு ஒரே ஆசை அதுதானாம். நடக்கவும் ஏலாது, கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் ஆளில்லை, மாதா ஒருக்கா வீட்டுக்கு வந்தால் போதும் என்பாராம். "வாற சனத்துக்கு நான் என்ன குடுப்பன்? இருக்கக் கதிரைகூட இல்ல. பற்றிஸ் சாப்பிட்ட வாயோட வந்து, இங்க ஒண்டுமில்லாமப் போனா, அடுத்த நாள் குழாயடியில அதுதானே கதை."

உடனே, "நாங்க எல்லாம் கொண்டுவாறம் அக்கா, நீங்க தந்த மாதிரியே இருக்கும்" என்றேன். தலைவரும் "அதுக்கென்ன, செய்வம்" என்றான்.

அக்கா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "நீங்களே கொண்டு வந்து நீங்களே தின்னுறதுக்கு என்ர வீடு எதுக்கு?"

அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போனேன்.

அந்த ராத்திரி முடிவெடுத்தேன். இந்த ஒக்டோபரில் மாதா அந்த வீட்டுக்குப் போயே ஆகவேண்டும், அக்கா தலை குனியாமல். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. எந்த வீட்டிலும் சிற்றுண்டி இல்லை. எல்லா வீட்டிலும் தண்ணீர் மட்டும்.

கூட்டத்தில் இதைச் சொன்னதும் பொடியன்மார் கூச்சல் போட்டார்கள். "பற்றிஸ் இல்லாட்டி ஒக்டோபரில ஆர் வருவான்?" என்றான் ஒருவன். "செபத்துக்கு வாறவன் வருவான்" என்றேன். "அப்ப நீயும் மாதாவும்தான்" என்றான் அவன். சுவாமிக்கு மட்டும் உண்மைக் காரணத்தைச் சொன்னேன். பூசையில் அவர் அறிவித்துவிட்டால் வேலை சுலபம் என்று என் எண்ணம். அவர் மறுத்துவிட்டார். "நான் கட்டளையாச் சொன்னா, ஆரின்ர வீட்டால இது வந்ததெண்டு சனம் தேடும். நீங்கள் போய் ஒவ்வொரு வீட்டிலயும் கேளுங்கோ. காரணம் சொல்லாமக் கேளுங்கோ."

காரணம் சொல்லாமல் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தவக்காலத்தில் நோயாளி வீடுகளுக்குப் போகும்போது கேட்டேன். சிரமதானத்தில் சேற்றுக்குள் நின்றுகொண்டு கேட்டேன். எங்கள் கடையில் துணி வெட்டுபவரின் மனைவி எங்கள் தோட்டம், அவரையும் விடவில்லை. "வீட்டுக்கு வாற மாதாவை வெறுங்கையோட அனுப்புறதா?" என்று ஒருவர். "மாதா சாப்பிடுறா எண்டு ஆர் சொன்னது?" என்று அவருடைய கணவரே பதில் சொல்லிச் சிரித்தார். சிங்கள வீட்டுத் தங்கச்சி ஒருத்தி, நாங்கள் நங்கி என்று கூப்பிடுபவள், அவள் மட்டும் உடனே சம்மதித்தாள். அவளுக்கும் அந்தப் போட்டி பாரமாக இருந்திருக்க வேண்டும். அவள் தலையாட்டிய பிறகு இன்னும் சிலர், பிறகு இன்னும் சிலர். சம்மதித்தவர்களின் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தபோதுதான், பாரம் சுமந்தது கடைசி வீடு மட்டுமல்ல என்று விளங்கியது.

ஓகஸ்டில் கடைசி வீட்டு அண்ணைக்கு, அந்த அக்காவின் கணவருக்கு, மறுபடியும் சுகமில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் என்ற பதிலுக்கு இனி இடமில்லை.

பற்றிஸ் ஆன்டி கடைசியாகத்தான் சம்மதித்தார். "சரி சரி, உங்கட இஷ்டம்" என்றார். அந்தக் குரலை நான் நம்பியிருக்கக் கூடாது.

முதல் நாள் மாலை அவர் வீட்டில் செபமாலை. வாசலில் பல்ப் மாலை, மாதாவைச் சுற்றிப் பூ. செபம் முடிந்தது. ஆன்டி எழுந்துபோய் மூலையில் இருந்த மேசையின் துணியைத் தூக்கினார். மலைபோலப் பற்றிஸ். பொரித்த மணம் வீடு முழுக்க அடித்தது.

"மாதா வந்த வீட்டில இருந்து ஆரும் வெறும் வயித்தோட போகக்கூடாது. என்ர மாமியார் காலத்தில இருந்து இப்பிடித்தான். எடுங்கோ, எடுங்கோ!"

எங்கள் தலைவரின் கை தானாக நீண்டது. நான் அவன் காலை மிதித்தேன். ஒருவர் ஒரு பற்றிஸ் எடுத்தால் போதும், நாளைக்கு அடுத்த வீட்டில் கேக் வரும், மறுநாள் ரோல்ஸ் வரும், மாதக் கடைசியில் அந்தக் கதவு திறக்காது. சத்தமாகவே சொன்னேன்.

"ஆன்டி, எங்களுக்குத் தண்ணி மட்டும் தாங்கோ."

"ஏன், என்ர கையால செய்தது விசமோ?"

என் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். காரணத்தைச் சொல்லித் தப்பிவிடலாம், ஒரு வசனம் போதும். கூட்டத்தின் பின்னால் கடைசி வீட்டு அக்கா நின்றார். அன்றைக்கு மாதாவைப் பார்க்க வந்திருந்தார். அவர் பக்கம் நான் திரும்பவே இல்லை, திரும்பினால் எல்லோரும் பார்ப்பார்கள்.

"இல்ல ஆன்டி. உங்கட பற்றிஸ் மாதிரி இந்தத் தோட்டத்தில வேற ஆராலயும் செய்ய ஏலாது" என்றேன். பிறகு, "அதுதான் பிரச்சினை" என்றேன்.

ஆன்டி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்தது. பிறகு அந்தத் துணியை எடுத்து, ஒரு மூலையும் விடாமல் மேசையை மூடினார். உள்ளே போனார். எவ்வளவு நேரமோ தெரியாது, தட்டில் கிளாஸ்களோடு வந்தார். தண்ணீர். யாரையும் பார்க்காமல் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை, வேறொருவர் நீட்டினார்.

அடுத்த நாள் காலை அந்தப் பற்றிஸ் எல்லா வீட்டுக்கும் தட்டுத் தட்டாகப் போனது. "இது மாதாவுக்கில்ல, உங்களுக்கு" என்று சொல்லிக் கொடுத்தாராம். எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அம்மா என்னைப் பார்த்து, "உன்ர வாயால என்ர வாய்க்குப் போச்சு" என்றார்.

ஆனால் அன்றிலிருந்து எந்த வீட்டிலும் தண்ணீர்தான். ஆன்டியே மூடிவிட்டார், இனி யார் திறப்பது? வராமல் போவார்கள் என்று நான் பயந்த பொடியன்மாரும் வந்தார்கள். முறுமுறுத்துக்கொண்டுதான், ஆனால் வந்தார்கள். மாத நடுவில் அந்த அக்கா குழாயடியில் என் பக்கத்தில் வாளியை வைத்து, "எங்கட வீட்டுக்கு எண்டைக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். எனக்கு வாளி நிறைந்து வழிந்தது தெரியவில்லை.

கடைசி மாலை. திரைச்சீலையைக் கழற்றியிருந்தார்கள். அண்ணைக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சேர்ட் போட்டு, கட்டிலில் தலையணை அண்டக் கொடுத்து இருத்தியிருந்தார்கள். மாதாவைத் தலைவர் தூக்கிக்கொண்டு வாசலில் குனிந்து நுழைந்தபோது, அண்ணை தன் அசையும் ஒரு கையை மட்டும் தூக்கினார். கும்பிட இரண்டு கை வேண்டும்தானே? அக்கா ஓடிப்போய் மற்றக் கையைப் பிடித்துச் சேர்த்துவைத்தார்.

பாதிச் சனம் உள்ளே பாயில், மீதிச் சனம் கால்வாய்க் கரையில். பற்றிஸ் ஆன்டியும் வந்திருந்தார். முழங்கால் வருத்தக்காரி. கதிரை இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார், இல்லை. இரண்டு பேரின் தோளைப் பிடித்து, "யேசுவே, யேசுவே" என்று தரையில் உட்கார்ந்தார்.

கடைசிப் பத்தை அண்ணை சொல்ல ஆசைப்பட்டார். எங்கள் தோட்டத்துச் செபமாலை கண்டி எக்ஸ்பிரஸ் மாதிரி, நிற்காது. அன்றைக்கு நின்றது. "அருள்... நிறைந்த..." என்று அவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. யாரும் முந்தவும் இல்லை. சிங்கள நங்கியும் காத்திருந்து தமிழிலேயே பதில் சொன்னாள்.

முடிந்ததும் அக்கா தண்ணீர் கொண்டுவந்தார். இருந்த கிளாஸ்கள் கொஞ்சம்தான், ஒருவர் குடித்ததும் கழுவி அடுத்தவருக்கு. தலை நிமிர்ந்து, ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக் கொடுத்தார். ஆன்டி ஒரு கிளாஸைக் குடித்துவிட்டு, "இன்னொண்டு தா பிள்ளை" என்று நீட்டினார். கட்டிலில் இருந்தவர் அதைப் பார்த்துச் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போனது, ஆனால் வீட்டுக்காரரின் சிரிப்பு அது.

ஆன்டி எழும்புவதற்கு என்னிடம்தான் கையை நீட்டினார். அந்த மாதம் முழுவதும் என்னோடு கதைக்காதவர், என் காதோடு சொன்னார். "விசரி, சொல்லியிருந்தா துணியைத் தூக்கியே இருக்க மாட்டனே."

"சொல்லாமலே மூடினீங்கள்தானே ஆன்டி" என்றேன். அவர் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன் வீடு வரைக்கும் நடந்தார்.

அண்ணை அடுத்த தவக்காலத்துக்கு முதல் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு இளைஞர் ஒன்றியங்களுக்கு உதவியாக எத்தனையோ பங்குகளில், எத்தனையோ பிள்ளைகளோடு உட்கார்ந்து வருடத் திட்டம் போட்டிருக்கிறேன். என்னென்ன கொடுக்கலாம் என்று அவர்கள் ஆசையோடு அடுக்கும்போது, நாங்கள் கொடுப்பதால் எந்த வீட்டுக் கதவு மூடிக்கொள்ளும் என்ற கேள்வியை முதலில் கேட்காமல் என்னால் இன்றும் ஒரு மாதத்தைக்கூட நிரப்ப முடிவதில்லை.