மறுபடியும் வருகிற சுகாசினி

செவிலிமேட்டில் வீரபத்திரன் அண்ணனின் வீடியோ ஸ்டூடியோவுக்கு 2004இல் நெட்வொர்க் போட்டுக் கொடுத்தவன் நான். ஒரு ஹார்ட் டிஸ்க் செத்து, கல்யாண வீடியோ ஒன்று முழுக்கப் போய், பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். மூன்று அறைகளில் மூன்று கம்ப்யூட்டர். எந்த வீடியோவானாலும் துண்டு துண்டாக்கி மூன்றிலும் பரப்பி வைத்தேன். ஒன்றில் இருப்பது அழிந்தால், விடியற்காலையில் மற்ற இரண்டும் சேர்ந்து அதைத் திரும்ப உண்டாக்கிவிடும்.

அடுத்த வருஷம் அவர் மகள் சுகாசினி காய்ச்சலில் போய்விட்டாள். ஏழு வயது. விளக்கு வெளிச்சம் பார்க்க அவளை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. அதில், "போதும் நைனா, கண்ணு கூசுது" என்பாள்.

ஒரு நாள் அண்ணன் போன் செய்தார்.

"நேத்து பாப்பா வீடியோவ அழிச்சிட்டேன்பா. காலைல பாத்தா மறுபடியும் ஒக்காந்துக்கினு இருக்கிறா."

பயந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கோ எரிச்சல். நேரில் போய், "பேயும் இல்ல, பிசாசும் இல்லண்ணா. ஒண்ணுல அழிச்சா வரத்தான் செய்யும். மூணுலயும் ஒரே நாள்ல அழிக்கணும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார்.

மூன்று வருஷம் கழித்து ஒரு ரிப்பேருக்குப் போனேன். எந்த வீடியோவை எப்போது திறந்தார்கள், எப்போது அழித்தார்கள் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். பார்த்தேன். தினமும் காலையில் சுகாசினியின் வீடியோவைத் திறந்திருக்கிறார். தினமும் சாயங்காலம் அழித்திருக்கிறார்.

ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்.