கார்டு எழுதி முடிக்கிற வரைக்கும்

பல்லடம் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த கிட்டுசாமி, ஊரில் எத்தனையோ பேருக்குக் கல்யாண ஆல்பம் போட்டுக் கொடுத்தவன். கட்டிய பெண்டாட்டி சென்னம்மாளை மட்டும் உருப்படியாக ஒரு படம் எடுத்ததில்லை. நேரமில்லை என்று சொல்வதைவிட, அவள் எப்போதும் கேமராவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள் என்று சொல்லலாம். பனியன் கம்பெனியில் தைத்த பீஸைச் சரிபார்க்கும் செக்கிங் வேலையை விட்டுவிட்டு வந்து, புருசனுக்குக் குடை லைட்டைத் தூக்கிப் பிடித்தவள் அவள். விறைத்து நிற்கும் மணப்பெண்ணை, "தலையத் தூக்கு கண்ணு, மாப்பிள்ளை ஓடியா போயிருவாரு?" என்று அதட்டிச் சிரிக்க வைப்பாள். நீயும் வந்து நில்லேன் என்றால், "என்னைய அப்பறம் எடுத்துக்கலாங்க" என்பாள்.

அந்த அப்புறத்துக்கு முன்னால் புற்றுநோய் வந்துவிட்டது. 2007 ஆவணியில் அவள் தம்பி தண்டாயுதபாணிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதற்குள் கோயமுத்தூர் டாக்டர்கள், இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் நின்று செய்கிற சீர். இவளால் நிற்க முடியாது, பெரியப்பா மகளை நிறுத்திக்கொள்ளலாம் என்று பங்காளிகள் இழுத்தார்கள்.

"நாஞ் செத்தப்பறம் ஆர வேணும்னாலும் நிக்க வெச்சுக்குங்க" என்றாள் சென்னம்மாள். பேச்சு அதோடு நின்றது.

அன்றைக்கு எப்படியாவது அவள் வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று கிட்டுசாமி நினைத்துக்கொண்டான். அதற்காகவே முந்தின நாள் புது மெமரி கார்டு வாங்க சனாவுல்லா கடைக்குப் போனான்.

"பெருசா வேணுங்களா, வேகமா வேணுங்களா?" என்றார் சனாவுல்லா.

"ஏனுங்க பாய், கார்டு என்ன பந்தயத்துக்கா போகுது?"

"சிரிக்காதீங்க. இது நாலு ஜிபி, ஆனா மெதுவாத்தான் எழுதும். இது ஒரு ஜிபிதான். வேகம் நூத்தி முப்பத்திமூணு எக்ஸ்னு போட்டிருக்குது பாருங்க, பறக்கும். உங்க கேமரா டெய்லர் மாதிரி, தெச்சுத் தள்ளிக்கிட்டே இருக்கும். கார்டு செக்கிங் டேபிள். அங்க கை மெதுவா இருந்தா பீஸெல்லாம் குமிஞ்சு போயிரும். டெய்லர் மிசினை நிறுத்திட்டு உக்காந்திருக்கோணும்."

"ரெண்டையும் எடுத்தா?"

"கேமராவுக்குள்ள ஒண்ணுதானுங்களே போகும். சீருக்கு நடுவுல கார்டை மாத்தீட்டு நிப்பீங்களா?"

கிட்டுசாமிக்குப் புரியாமலில்லை. ஆனால் ஃபிலிம் காலத்துப் பயம் அவன் கையைப் பிடித்தது. பொங்கலூரில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து ரோல் தீர்ந்துபோய், மண்டபமே கேட்கப் பெண்ணின் அப்பாவிடம் ஏச்சு வாங்கியவன் அவன். பாதியில் தீர்ந்துபோவதுதான் அவனுக்குத் தெரிந்த கஷ்டம். காத்திருப்பது அவனுக்கு ஒரு குறையாகவே படவில்லை. நாலு ஜிபியை எடுத்துக்கொண்டான்.

மறுநாள், சென்னம்மாளுக்காக, கேமராவை 'ரா' முறைக்கு மாற்றினான். அதில் படம் ஒரு பொட்டும் குறையாமல் பதியும். அதனால் ஒவ்வொன்றும் பல மடங்கு கனக்கும். தம்பியின் தோளைப் பிடித்தபடி அவள் மேடைப் படி ஏறினாள். விரலை எடுக்காமல் படபடவென்று அடித்தான்.

சீர் நடத்தும் அருமைக்காரர் கூறைச்சேலையின் ஒரு தலைப்பைத் தண்டாயுதபாணியின் கக்கத்தில் இடுக்கி, மறு தலைப்பை அவள் கையில் கொடுத்தார். தம்பி அவள் காதோரம் குனிந்து என்னவோ சொன்னான். அவளும் என்னவோ சொன்னாள். சிரித்தாள். கழுத்தைச் சாய்த்து, நோயே வராதவள் மாதிரி.

கிட்டுசாமி அமுக்கினான். கேமரா அசையவில்லை. பின்பக்கத்தில் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. அவள் படியேறின படங்களையே கார்டு இன்னும் எழுதி முடித்திருக்கவில்லை.

அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "லைட்டு எரியுதுங்களா?"

"ஆமா. துளி இரு, சென்னம்மா."

"செரி, நிக்கறேன்."

சிரிப்பை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. லைட் அணைந்தபோது உதடு மட்டும்தான் விரிந்திருந்தது. கண் இரண்டும், ஆச்சா ஆச்சா என்று அவனையே கேட்டுக்கொண்டிருந்தன. அதுதான் பதிந்தது.

"இன்னொருக்கா சிரி."

"வரமாட்டீங்குதுங்க" என்றாள்.

ஐப்பசியில் அவள் போய்விட்டாள். மாலை போட்டு மாட்டுவதற்குப் படம் கேட்டு தண்டாயுதபாணி ஸ்டுடியோவுக்கு வந்தான்.

"மாமா, சீரப்ப அக்கா சிரிச்சாளே, அதையே பெருசு பண்ணிருங்க."

"அது விழலே மாப்ள."

"கேமரா கோளாறுங்களா?"

"கேமரா நல்லாத்தான் இருந்துச்சு. கடையில அந்தக் கார்டை எடுத்தது நாந்தான்."

தண்டாயுதபாணிக்கு விளங்கவில்லை. கம்ப்யூட்டரில் அவள் குனிந்து படியேறிக்கொண்டிருந்தாள், படத்துக்குப் படம் ஒரே மாதிரி.

"அவகிட்ட அன்னிக்கு என்ன சொன்னே?" என்றான் கிட்டுசாமி.

"ஒண்ணுமில்லீங்க மாமா, சும்மா... முடியெல்லாம் கொட்டி டோப்பா வெச்சிருந்தாளல்லங்க? அதக் கழட்டி எனக்குக் குடு அக்கா, பொண்ணூட்டுக்காரங்க என்ற வழுக்கையவே பாக்கறாங்கன்னேன்."

"அதுக்கு?"

"போடா, இது என்ற ஊட்டுக்காரரு வாங்கிக் குடுத்தது, தரமாட்டேன்னா."

கிட்டுசாமி மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"சொல்லீட்டுச் சிரிச்சாளா, சொல்லும்போதே சிரிச்சாளா?"

"சொல்லும்போதேங்க மாமா."

"எப்படிச் சொன்னா? அவ சொன்ன மாதிரியே இன்னொருக்கா சொல்லு."