பற்றை என்று நான் எழுதிய காணி

அன்று காணியில் நின்றவர்கள்: நில அளவை ஐயா. அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர். விதானையார். என் அக்கா. அவவின் இடுப்பில் கடைசிப் பெண்பிள்ளை. வேலிக்கு அந்தப் பக்கம் அயல் காணிக்காரர் பதினொரு பேர். பிறகு நான்.

சுதந்திரம் கிடைத்து இருபது வருடம் கழிந்திருக்கும். துறைமுகத்தில் வெள்ளைக்காரரோடு என் வேலையும் போனது. நில அளவைப் பகுதியில் சங்கிலி பிடிக்கிற கூலியாகச் சேர்ந்தேன். அந்த வருடம் பிளேனில் இருந்து பிடித்த படங்கள் வந்தன. சாம்பல்தீவுப் பக்கம் முழுவதும் அதில் இருந்தது. படம் பிடித்த அன்று கொத்திப் பயிரிட்டிருந்த காணிக்குத்தான் பெர்மிட். மற்றது அரசாங்கக் காடு. குடியிருப்பவர் எழும்ப வேண்டும்.

பக்கத்துப் பக்கத்துப் படம் இரண்டை வைத்து, நாலு கால் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் மரம் எழும்பி நிற்கும். கிணறு கீழே இறங்கும். அதற்கு இரண்டு கண்ணும் வேண்டும். ஐயாவுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. அவருக்குப் படம் தட்டையாகவே கிடந்தது. அதனால் என்னைப் பார்க்கச் சொன்னார். நான் ஐந்தாம் வகுப்பு. ஆனால் கண் நல்லது. தோட்டம் என்றால் ‘தோ’, காடு மண்டிய பற்றை என்றால் ‘ப’. பென்சிலால் நானே எழுதினேன். மூன்று கிழமை எழுதினேன்.

சாம்பல்தீவுப் படம் வந்தபோது அக்காவின் காணியைத் தேடினேன். மேலிருந்து பார்த்தால் பனை ஒரு புள்ளி. வீடு ஓர் அரிசி. றோட்டில் இருந்து கிணறுகளை எண்ணினேன். ஓரிடத்தில் வெங்காயப் பாத்திகள் சீப்பால் இழுத்த மாதிரித் தெரிந்தன. அக்காவுடையது இதுதான் என்று ‘தோ’ போட்டேன். சந்தோசமாக இருந்தது. அடுத்த துண்டு கறுத்துக் கிடந்தது. யாரோ விட்டுப்போன காணி என்று ‘ப’ போட்டேன்.

படம் பிடித்த வருடத்தை நான் நினைக்கவில்லை. அத்தான் காய்ச்சலில் செத்த வருடம் அது. செத்தவர் கொத்தின மண்ணில் ஒரு வருடத்து ஆட்டைத் திவசம் முடியும்வரை மண்வெட்டி போடுவதில்லை. அது எங்கள் வீட்டு வழக்கம். அயலவர் ஒருவர் விளைச்சலில் அரைவாசிக்குக் கொத்தித் தருகிறேன் என்று வந்தார். அக்கா ஓம் என்கிற மாதிரி நின்றா. திவசம் முடியட்டும் என்று அவரை அனுப்பியவன் நான். அதற்குள் காரை முள்ளும் நாயுண்ணிப் பற்றையும் எழும்பிவிட்டன. அதற்குள்தான் பிளேனும் போயிருக்கிறது.

காணி விசாரணைக்கு எல்லாரும் வந்த அன்று, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு றோட்டில் இருந்து நடந்தபோது பிடிபட்டது. ஒரு கிணற்றைப் பிழையாக எண்ணியிருந்தேன். பாத்தி தெரிந்தது அடுத்தவர் காணி. கறுத்துக் கிடந்ததுதான் அக்காவுடையது. ஒன்றரை ஏக்கர், இருநூற்று நாற்பது பேர்ச். அவவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் வேறு ஒன்றும் இல்லை.

ஊருக்குப் பொறுப்பான விதானையார் சொன்னார்: “இந்த மனுசி கனகாலமா இஞ்சதான் தோட்டம் செய்யுது. எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரிஞ்சு என்ன, விதானையார்? படத்துக்குத் தெரியேல்லையே” என்றார் கிளாக்கர்.

வேலிக்கரையில் ஒருவர் என்னைப் பார்த்து, “எங்கட காணியளை எல்லாம் வடிவாப் பாத்துப் போட்டனி. உன்ர அக்காவின்ர காணி எண்டோடன கண் தெரியேல்லையோ?” என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

நான் ஐயாவிடம் போனேன். “பிழையாப் பாத்திட்டன் ஐயா. இன்னொருக்காப் பாக்க விடுங்கோ.”

ஜீப்பின் முன் மூடியில் படங்களை விரித்து நாலு கால் கண்ணாடியை வைத்தார். தகடு வெயிலில் கொதித்தது. குனிந்தேன். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். பற்றைக்குக் கீழே பழைய வரம்பு ஒன்றாவது தெரியாதா என்று பார்த்தேன். வாய்க்கால் ஒன்றாவது. கண்ணில் தண்ணீர் வரும்வரை பார்த்தேன். பற்றை எழும்பி எழும்பி நின்றது.

“என்ன தெரியுது?”

“பாத்தி தெரியுது ஐயா.”

“எத்தினை?”

“நாலைஞ்சு.”

ஐயா படத்தைத் தன் பக்கம் திருப்பினார். “இந்த ‘ப’ உம்மட எழுத்துத்தானே?”

“ஓம் ஐயா.”

“இது பிழையெண்டால் மற்றதுகளும் பிழையா இருக்கலாம். வேலிக்கரையில நிக்கிற பதினொரு பேருக்கும் நீர் போட்ட ‘தோ’வை நம்பித்தான் நான் எழுதினனான். எல்லாத்தையும் தள்ளவேண்டி வரும். யோசிச்சுச் சொல்லும்.”

சிரித்தவர்கள் வேலிக்குக் கிட்ட வந்தார்கள்.

அக்கா கிட்ட வந்தா. “பார் தம்பி. வடிவாப் பார்.”

திரும்பக் குனிந்தேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் குனிந்தபடி நின்றேன். நிமிர்ந்தால் சொல்ல வேண்டும்.

“பற்றைதான் ஐயா.”

அக்கா பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினா. “உன்ர கதையைக் கேட்டுத்தானே நான் கொத்தாமல் விட்டனான்” என்றா. சத்தம் போடவில்லை. எனக்கு மட்டும் சொல்லுகிற மாதிரிச் சொன்னா.

கிளாக்கர் பேனையைத் திறந்தார். நான், “ஐயா, கிணத்தடியில ஒரு துண்டு வெளிச்சிருக்கு. வீடும் வாழையும் நிக்குது. அது படத்திலயும் தெரியுது” என்றேன். அது பொய் இல்லை. குளிக்கிற தண்ணீர் ஓடி அந்த வாழை நின்றது.

ஐயா கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் தோளை அசைத்தார்.

“அதைக் குடுக்கலாம். சங்கிலியைப் பிடியும்” என்றார் ஐயா.

பிடித்தேன். அது என் வேலை. அக்கா வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. வாழைக்கு அந்தப் பக்கம் எல்லைக்கு இரும்பு முளை அடித்தேன். மண் இறுகிக் கிடந்தது. இரண்டு தரம் முளை வளைந்தது. அதற்கு வெளியே, திவசம் முடிந்து அக்கா திரும்பக் கொத்தி நட்ட அந்தப் போக வெங்காயம் தாள் விட்டு நின்றது.

அகலம் ஒரு சங்கிலி. நீளம் இரண்டு சங்கிலி. ஐயா பெருக்கிப் பார்த்துக் கிளாக்கருக்குச் சொன்னார்.

முப்பத்திரண்டு பேர்ச்.