வேர்க்குரு என்று சொன்ன பொய்

பிள்ளைகளே, கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் சின்னவளுக்கு இருந்த சிரங்கைப் பற்றி உங்களுக்கு ஒரு உண்மை சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வன்னிக் கிராமத்தில் சிரங்கை யாரும் நோயென்று எண்ணியதில்லை. சண்டைக் காலம், குளிக்கச் சவர்க்காரம் கிடைப்பதே அரிது. கிணறு வற்றினால் குளத்துக் கலங்கல் தண்ணீர்தான். ஒரு பாயில் ஐந்தாறு பேர் படுத்தோம். விரலிடுக்கைச் சொறியாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் தேடவேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவோம். போகும், திரும்ப வரும். எல்லோருக்கும் இருந்ததால் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒளிக்கப் பழகியது கொழும்பில்.

எங்களுக்கு அறை தந்த வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணத்து ஆள். அவர் கையெழுத்துப் போட்டதால்தான் பொலிஸில் உங்கள் அம்மாவோடு எங்கள் நாலு பேரையும் பதிய முடிந்தது. அறை போனால் பதிவும் போகும். பதிவில்லாத வன்னி ஆளைச் சோதனைச் சாவடியில் பிடித்தால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"தம்பி, உம்மட சின்னவள் ஏன் இப்பிடிச் சொறியிறாள்?"

"வேர்க்குரு அக்கா. இந்த வெக்கை ஒத்துக்கொள்ளேல்லை."

"விரலுக்குள்ளயும் வேர்க்குரு வருமோ?" என்றவர், சின்னவளைப் பார்த்து, "கதிரையில இருக்காதை பிள்ளை, அப்பிடியே நில்" என்றார்.

காலி வீதி டிஸ்பென்சரியில் டொக்டர் வெள்ளை மருந்து எழுதித் தந்தார்.

"வீட்டில எல்லாரும் ஒரே நாளில பூசவேணும், கடி சொறி இல்லாத ஆக்களும். உடுப்பு, படுக்கை விரிப்பு எல்லாத்தையும் அவிச்சுத் தோயுங்கோ."

"பிள்ளைக்கு மட்டும் பூசினாக் காணாதோ?"

"காணாது."

ஆனாலும் நான் சின்னவளுக்கு மட்டுமே பூசினேன். அடுப்பும் துணி காயப்போடும் கொடியும் அக்காவுடையவை. பானையில் துணி அவித்தால் பொய் வெளிப்பட்டுவிடுமே.

எனக்கும் இடுப்பிலும் விரலிடுக்கிலும் கடி இருந்தது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடை வேலைக்குப் போனேன். சின்னவள் என் பாயில்தான் படுத்தாள். காய்ந்து மாறிய சிரங்கு இரண்டு கிழமையில் திரும்பியது. கோடு போடும் அடிமட்டத்தால் அவளை அடித்தேன்.

"சொறியாதை எண்டு எத்தனை தரம் சொன்னனான்!"

"அப்பாவும் சொறியிறவர்தானே" என்றான் பெரியவன். அவனுக்கும் விழுந்தது.

பிறகு அக்காவின் மகனுக்கே தொற்றியது. அவர் வாசலில் வந்து நின்றார்.

"உள்ளதைச் சொல்லியிருந்தா எல்லாருமாப் பூசியிருப்பம். வேர்க்குருவாம், வேர்க்குரு! மாசம் முடிய வேற இடம் பாரும்."

அவர் சொன்னது சரிதான். ஆனால் பக்கத்து வீட்டாரிடம் மதிலுக்கு மேலால், "வன்னிச் சனம், ஊத்தைதானே" என்றாரே, அதை நான் மன்னிக்கவில்லை. அவர் மகனுக்கு வந்ததும் அதே சிரங்குதான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு அறை கிடைத்தது; அங்கேயும் பொலிஸில் பதிந்தோம். போன முதல் நாளே துணியெல்லாம் அவித்து, நாலு பேரும் மருந்து பூசினோம். கொஞ்ச நாளில் எல்லாம் காய்ந்துவிட்டது. அவ்வளவு சின்ன வேலை!

சின்னவளே, நீ இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாய். உட்காரக் கதிரை காட்டினாலும் தயங்குகிறாய். அந்தச் சிரங்கு உனக்குத் திரும்பத் திரும்ப வந்தது என்னிடமிருந்துதான். அது தெரிந்தே உன்னை அடித்தேன்.