மனு போடுமுன் ஒரு போன்

போன திங்கட்கிழமை காலை ரங்கநாயகி மேடத்தின் எண்ணுக்குப் போன் செய்தேன். தொண்டாமுத்தூர் பாகப்பிரிவினை வழக்கில் அவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். நான் மறுநாள் ஒரு மனு போடவிருந்தேன். அவர் மகள் எடுத்தாள். "அம்மா நேத்து சாயங்காலம் தவறிட்டாங்க அங்கிள்" என்றாள். மனுவைப் பற்றி நான் பேசவில்லை.

மனு போடுமுன் எதிர்த்தரப்புக்குச் சொல்லிவிடுவது அவருடைய வழக்கம். அதற்காக அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் நம் கோவை நீதிமன்ற வளாகத்தில் குறைவு. "பத்திரிகை வெச்சுக் கூப்பிட்டுச் சண்டை போடற ஆளு" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அவர் அசரமாட்டார். "சொல்லாமப் போட்டேன்னு இருக்கக் கூடாதுங்க" என்பார்.

அந்த நல்ல பழக்கத்துக்கு நான் ஒருமுறை துரோகம் செய்தேன். என் கட்சிக்காரர் இரும்பு வார்க்கும் பவுண்டரி நடத்துபவர். ஒரு வெளிநாட்டு பம்ப் நிறுவனம் கொடுத்திருந்த பேட்டர்ன்களை, அதாவது வார்ப்பு எடுக்கும் மர மாதிரிகளை, அவர் திருப்பித் தர வேண்டும் என்று சிங்கப்பூரில் நடுவர் தீர்ப்பு வந்தது. அவை போனால் பவுண்டரியில் பாதி வேலை நின்றுவிடும். தீர்ப்பை எதிர்த்து அங்கேயே வழக்குப் போட்டோம். அது முடியும்வரை இங்கே யாரும் தொட முடியாது என்று கட்சிக்காரருக்குத் தைரியம் சொன்னேன். அவசரப்பட்டுச் சொன்ன வார்த்தை அது.

அந்த நிறுவனத்துக்காக மேடம் போனில் வந்தார். "அங்க கேஸ் நிலுவையில இருந்தா அது தடை உத்தரவு ஆயிருமுங்களா? தீர்ப்பை நிறைவேத்தச் சொல்லி நாளைக்கு உயர் நீதிமன்றத்துல மனு போடறேனுங்க." கட்சிக்காரரிடம் சொன்னேன். "ஏனுங்க, அதுக்குள்ள பேட்டர்னையெல்லாம் சோமனூர் ஷெட்டுக்கு மாத்திப்போட்டா?" என்றார். கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "எனக்கு எதுவும் தெரிய வேண்டாமுங்க" என்றேன். அன்றிரவே அவை சோமனூர் போய்விட்டது எப்படியும் என் காதுக்கு வந்தது.

சிங்கப்பூர் வழக்கு முடியும்வரை பொறுக்கலாம், ஆனால் பொருள் பத்திரமாக இருக்க உத்தரவாதம் வேண்டும் என்றார் உயர் நீதிமன்ற நீதிபதி. "பவுண்டரியில்தானே இருக்கின்றன?" என்று என்னைக் கேட்டார். சோமனூரில் இருக்கின்றன என்று உண்மையைச் சொன்னேன். மேடம் திரும்பிப் பார்த்தார். அவர் தந்த ஒருநாள் அவகாசத்தில்தான் அவை இடம்மாறின என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அதை வைத்து என்னைத் தோலுரித்திருக்கலாம். பொருள் திரும்பி வரட்டும், ஓர் அறை, இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி என்று மட்டும் கேட்டார். அப்படியே உத்தரவானது.

கோவை திரும்பியதும் கோர்ட் கேண்டீனில், "இனி எனக்குப் போன் பண்ண மாட்டீங்கல்ல மேடம்?" என்றேன். டீயை ஆற்றியபடி, "பண்ணுவேனுங்க. கட்சிக்காரங்க மாறுவாங்க. நாம ரெண்டு பேரும் இதே கோர்ட்டுலதான இருக்கோணும்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

சிங்கப்பூரில் நாங்கள் தோற்றோம். பேட்டர்ன்களை ஏற்ற லாரி எப்போது வரும் என்பதையும் மேடம் முந்தின நாளே போன் செய்து சொன்னார்.

அன்றிலிருந்து நானும் சொல்லாமல் எந்த மனுவும் போட்டதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். தொண்டாமுத்தூர் மனு இன்னும் மேசையில் கிடக்கிறது. எதிர்த்தரப்புக்குப் புது வக்கீல் வரட்டும், அவருக்குச் சொல்லிவிட்டுப் போடலாம் என்றேன். "வர்றவரு நமக்கும் அப்படிச் சொல்லுவாருங்களா?" என்று குமாஸ்தா கேட்டார். தெரியாது. நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்த பிறகும் மேடம் எனக்குப் போன் செய்தார்.