முன்வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் கொரட்டூர் வீட்டில் நைனா இருக்க மாட்டார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அம்பத்தூரில் ஒரே கம்பெனியில் வேலை செய்த பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சைக்கிள் சங்கம் வைத்திருந்தார்கள். வாரத்தில் ஆறு நாள் வேலைக்கு மிதித்துப் போகிறவர்கள் ஏழாவது நாளும் எதற்காக மிதிக்கிறார்கள் என்பது அம்மாவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. ஆறு மணிக்கு ஏரிக்கரையில் கூடுவார்கள். ஆவடி, பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி போய், இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். இட்லி கொரட்டூரிலும் கிடைத்தது.

சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும். முதலில் போவது முன்வண்டி. வழியில் பள்ளம் வந்தால் முன்வண்டிக்காரர் "பள்ளம்" என்று கூவுவார். அடுத்தவர் அதையே தனக்குப் பின்னால் வருகிறவருக்குக் கூவுவார். இப்படியே அது கடைசி வண்டி வரை போகும். வந்து சேர்ந்தது என்பதற்கு அடையாளமாகக் கடைசி ஆள் இரண்டு முறை மணி அடிப்பார். முன்வண்டி வாரம் ஒருவராக முறை மாறும்.

நைனா எப்போதும் வரிசையின் நடுவிலேயே வருவார். அதற்குக் காரணம் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். முந்தின வருஷம் கம்பெனியில் இரும்பு கடையும் லேத் மெஷினை ஓட்டும்போது ஓர் இரும்புப் பிசிறு அவருடைய வலது கண்ணில் தெறித்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் தானே எடுத்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அந்தக் கண் மெல்ல மங்கியது. பிறகு மற்றதும் மங்க ஆரம்பித்தது. கண் சரியில்லை என்று தெரிந்தால் லேத்தில் நிற்க விடமாட்டார்கள். ஏற்கெனவே ஒருவரை அப்படி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வரிசையின் நடுவில் போனால், முன்னாலிருந்து வரும் குரல்களைக் கேட்டே ஓட்டிவிடலாம்.

தன் முறை வந்தபோது ஒரு தடவை காய்ச்சல் என்றார். இன்னொரு தடவை டயர் சரியில்லை என்றார். மூன்றாவது தடவை யாரும் விடவில்லை.

"இன்னா அண்ணாத்தே, முன்னாடி வர்றதுக்கு வெக்கமா? பொண்ணு பாக்கப் போறாப்பல கீறியே" என்று வாசலுக்கே வந்து கிண்டல் செய்தார்கள். அந்த வாரம் நைனாவுக்கு அடுத்த வண்டியில் வர வேண்டியவர், லேத்தில் யார் நிற்பது என்று முடிவு செய்கிற அவருடைய போர்மேன். அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால்தான் நான் சங்கத்தில் சேர்க்கப்பட்டேன். சைக்கிள் பாரில் ஒரு சின்ன சீட்டை மாட்டி, ஒன்பது வயதுப் பெண்ணான என்னை அதில் உட்காரவைப்பது என்று முடிவாயிற்று. டீச்சர் பெயர் கேட்டால்கூடத் தரையைப் பார்க்கிற பிள்ளை நான்.

"நீ கத்த வேணாம்மா. எனக்கு மட்டும் கேட்டா போதும். பள்ளம், மணலு, மாடு, லாரி, ஆளு. அஞ்சே அஞ்சுதான்" என்றார் நைனா. மூன்று நாள் அந்த ஐந்தையும் ஒப்பித்தேன்.

ஆவடி வரை எல்லாம் சரியாக நடந்தது. நான் முணுமுணுத்தது நைனாவின் வாயில் பெரிய குரலாகி, பின்னால் வந்த வாய்களில் எல்லாம் புகுந்து, கடைசியில் இரண்டு மணிச் சத்தமாகத் திரும்பி வந்தது. என் பேச்சு அதுவரை அவ்வளவு தூரம் போனதில்லை. இல்லாத பள்ளம் ஒன்றைக்கூடச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் மணி அடித்தது.

பருத்திப்பட்டு தாண்டிப் பாரிவாக்கம் பக்கம் வரும்போது, தார் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். வண்டிகள் ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். அது பள்ளம் இல்லை. மணல் இல்லை. மாடும் இல்லை. என்னிடம் இருந்த ஐந்தில் எதைச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"கல்லு! கல்லு! அண்ணாத்தே, ரைட்ல ஒடி!"

குரல் போர்மேனுடையது. அந்தச் சங்கத்தில் பின்னாலிருந்து முன்னால் குரல் வந்தது அதுதான் முதல் தடவை. நைனா ஒடிப்பதற்குள் முன்சக்கரம் கல்லில் ஏறிவிட்டது. நாங்கள் இருவரும் நெல்லின்மேல் கிடந்தோம்.

காவலிருந்த கிழவர் ஓடி வந்தார். "யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது? இத்தாம் பெரிய கல்லு தெரியல?"

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற அந்தக் கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நைனா வேட்டியைத் தட்டிக்கொண்டே, "புள்ள ஆடிச்சு, அதான்" என்றார். நான் ஆடவில்லை. முழங்கால் சிராய்ப்பைவிட அதுதான் எனக்கு எரிந்தது.

போர்மேன் கிழவரின் பக்கம் திரும்பினார். "ரோடு இன்னா உங்க நைனா ஊட்டுக் களமா? பாதிய அடைச்சிகினு பேச்சு வேற பேசுறியா?" மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரோடு யாருடையது என்ற வழக்கு கொஞ்ச நேரம் நடந்தது. அது முடிவதற்குள் கண்ணைப் பற்றிய கேள்வி காணாமல் போயிருந்தது.

கிளம்பும்போது போர்மேன் ஒரு புதுச் சட்டம் சொன்னார். முன்வண்டிக்காரர் கூவினால் எதிர்க்காற்று குரலை அமுக்கிவிடுகிறதாம். அதனால் இனிமேல் இரண்டாவது வண்டிதான் கூவ வேண்டுமாம்.

"எனக்கு நல்லாக் கேட்டுச்சே மாமே" என்றார் கடைசி வண்டிக்காரர்.

"உனுக்குப் பாம்புக் காதுடா. வண்டிய எடு."

அதோடு சரி. பூந்தமல்லி வரை அவரே எல்லாவற்றையும் கூவிக்கொண்டு வந்தார். கல், நெல், நாய், முள் என்று அவரிடம் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. நைனா நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். எனக்குத்தான் பாரில் வேலை எதுவும் இல்லாமல் போயிற்று. ஓட்டலில் போர்மேன் எனக்கென்று ஒரு வடை வாங்கி வைத்தார். அதைத் தொடாமல் இலையோடு மடித்தேன்.

அடுத்த மாதம் அவர் நைனாவை லேத்திலிருந்து எடுத்துவிட்டார். கேட்கிறவர்களுக்குச் சாமான்களை எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் ஜன்னலில் உட்காரவைத்தார். சம்பளம் அதேதான். ஆனால் முதலில் என் வேலை, பிறகு நைனாவின் வேலை என்று அவர் வரிசையாகப் பிடுங்குவதாகவே எனக்குப் பட்டது. கண் விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றவே இல்லை. அதை நாங்கள் அவ்வளவு பத்திரமாக மூடி வைத்திருந்தோம்.

ஒரு நாள் சாயங்காலம் போர்மேன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி கொடுத்துவிட்டு உள்ளே போகாமல், முந்தானையை முறுக்கிக்கொண்டு, ஏதோ சொல்ல வந்தவள் சொல்ல முடியாமல் நின்றாள். பயந்து நிற்கிறாள் என்று நினைத்தேன். சத்தமில்லாமல் வெளியே போய், அவருடைய சைக்கிளின் இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டேன்.

வெளியே வந்தவர் சக்கரங்களைப் பார்த்தார். கதவிடுக்கில் நின்ற என்னைப் பார்த்தார். வழியனுப்ப வந்த நைனா படியில் நின்றிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பம்ப் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்போம்.

"வரேன் அண்ணாத்தே. கொஞ்சம் நடக்கலாம்னு கீது" என்று சொல்லிவிட்டு, அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை தாண்டிப் போனார். அவருடைய வீடு அம்பத்தூரில், ஏரிக்கு அந்தப் பக்கம்.

நைனாவுக்குப் பயந்துதான் கேட்காமல் போகிறார் என்று நினைத்து, அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.