இருநூற்றுப் பன்னிரண்டும் நூற்றெண்பத்தேழும்

மக்காச்சோள வேரைக் கண்ணாடிச் சில்லில் நசுக்கி, கண் பூத்துப்போக எண்ணுவது எங்கள் தொழில். எண்ணிக்கை வேலை பார்க்கும் அன்பர்களுக்கு என் கஷ்டம் புரியும். தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டு ஆய்வகம் ஒன்றில் இது நடந்த அன்று இருந்தவர்கள் ஐந்து பேர்: பேராசிரியர், ஆராய்ச்சி மாணவி வசந்தி, கணினி பார்க்கும் குமரேசன், அச்சரப்பாக்கத்திலிருந்து விதை மூட்டை கொண்டுவந்த நாயகம், எட்டாவது படித்த உதவியாளனான நான்.

கிள்ளல்

முளைத்த வேரில் நுனி மட்டும் போதும். சாயம் ஏற்றி நசுக்கினால் ஒரு செல்லில் இருபது குரோமோசோம். ஒவ்வொன்றும் இரட்டை இழை. ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு. நடுவழியில் நிறம் பக்கம் மாறியிருந்தால், அங்கே இழைகள் துண்டு மாற்றிக்கொண்டன என்று பொருள். அந்த இடங்களைத்தான் எண்ண வேண்டும். மூட்டையை இறக்கிய நாயகம் என் கையையே பார்த்தார். "இன்னா நைனா, மூட்டையா கொண்டாந்து போட்டா, நீ நுனிய கிள்ளிகினு கீறே?"

இரண்டு விடை

அன்றுதான் முதன்முதலாகக் கணினி படம் பிடித்து எண்ணியது. நான் நுண்ணோக்கியில் எண்ணிய அதே பத்து செல். எனக்கு நூற்றெண்பத்தேழு, அதற்கு இருநூற்றுப் பன்னிரண்டு. காரணம் தெரியாவிட்டால் வசந்திக்காக நான் எண்ணிக் கொடுத்த ஆறு மாத ஸ்லைடுகளையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் பேராசிரியர். வசந்தியின் முகம் சுண்டிவிட்டது. குமரேசன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பெரியவரே, கண்ணாடிய தொடச்சிட்டு இன்னொரு தபா எண்ணு."

மேலே ஒன்று, கீழே ஒன்று

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கணினி எண்ணிய இடங்களில் சிவப்புப் புள்ளி வைத்து அச்சடித்த படங்களோடு ஜன்னலோரம் போனேன். மூன்றாவது செல்லின் படத்தைக் கண்ணருகே பிடித்தேன். ஒரு குரோமோசோம் இன்னொன்றின் மேல் குறுக்கே விழுந்திருந்தது. அந்த இடம் கறுப்பாகத் தெரியவே, நிறம் மாறியதாகப் புள்ளி வைத்துவிட்டது கணினி! அடுத்த செல்லிலும் அதே. பென்சிலால் வட்டமிட்டு வட்டமிட்டு, வசந்தியிடம் நீட்டினேன். சாரிடம் எப்போதும் அளந்து பேசுகிறவள், தன் செய்யூர் வீட்டுப் பேச்சிலேயே கத்தினாள். "சார், ஓடியாங்க! ஒண்ணு மேல ஒண்ணு படுத்துகினு கீது, அதப்போய் மிஷின் எண்ணி வச்சிக்கீது!"

மிச்சம்

எண்களின் வித்தியாசம் இருபத்தைந்து. என் வட்டங்கள் இருபத்துநான்கு. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், நான் மீதிப் புள்ளியை நுண்ணோக்கியில் தேடினேன். ஒரு குட்டைக் குரோமோசோமின் நுனியில் நிறம் நிஜமாகவே பக்கம் மாறியிருந்தது. நான் விட்டது. காது சுட, அதைச் சொன்னேன். பேராசிரியர் பார்த்தார், நூற்றெண்பத்தெட்டு என்று எழுதினார், ஆறு மாத ஸ்லைடுகளும் செல்லும் என்றார். வசந்தி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். குமரேசன் என் காதோரம் குனிந்தார். "நீ கம்முனு இருந்தா யாருக்கு பெரியவரே தெரியும்?"

இருபத்துநான்கு தப்பு செய்த அந்த மிஷினை நான் இன்றுவரை ஒரு வார்த்தை குறை சொல்லாததற்குக் காரணம், மிஞ்சிய அந்த ஒன்று.